கிரெயின் முதல் டன் வரை: இம்பீரியல் எடை அலகுகளைத் தடுமாறாமல் மாற்றுவது எப்படி

ஒருவருடைய எடை பத்தரை ஸ்டோன் என்றால் அவர் பத்து ஸ்டோன் ஏழு பவுண்டு இருக்கிறார். இதையே 10.5 ஸ்டோன் என்று எழுதிக் காட்டினால், பத்து ஸ்டோன் ஐந்து பவுண்டு என்று படிப்பவர்கள் நிறையப் பேர். புள்ளிக்கு அப்புறம் வரும் 5 ஐந்து பவுண்டைக் குறிப்பதில்லை. அது ஒரு ஸ்டோனில் பாதி. ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்டு என்பதால் பாதி 7 ஆகிறது. இம்பீரியல் எனப்படும் பழைய பிரிட்டிஷ் முறை எடைக் கணக்குகளில் நான் பார்த்த தவறுகளில் அதிகமும் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

கிராமும் கிலோவும் பழகிய நமக்கு அலகு மாற்றுவது என்றால் புள்ளியை இடமோ வலமோ நகர்த்துவதுதான். இங்கே அது நடக்காது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 16 வரும், 14 வரும், 20 வரும். ஆனால் அத்தனை எண்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு பழக்கங்கள் போதும். எந்த எடை வந்தாலும் முதலில் பவுண்டுக்குக் கொண்டுவருவது ஒன்று. அவுன்ஸ், டன் என்று எழுதியிருந்தால் "எந்த அவுன்ஸ், எந்த டன்?" என்று கேட்பது இன்னொன்று. கீழே வரும் எல்லாமே இந்த இரண்டின் விரிவுதான்.

பள்ளிப் புத்தகத்தில் நிறை வேறு, எடை வேறு. இங்கே நாம் பேசுவது நிறையைப் பற்றி. ஆனாலும் பேச்சு வழக்கில் எல்லோரும் எடை என்றே சொல்வதால் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் படிக்கட்டு

அன்றாடப் பொருள்களை நிறுக்கும் முறைக்கு அவோர்டுபாய் என்று பெயர். யாராவது வெறுமனே பவுண்டு என்று சொன்னால் இந்த முறையின் பவுண்டைத்தான் சொல்கிறார்கள். தமிழில் இதை ராத்தல் என்றும் சொல்வதுண்டு. படிகள் இப்படிப் போகின்றன:

16 டிராம் = 1 அவுன்ஸ்
16 அவுன்ஸ் = 1 பவுண்டு
14 பவுண்டு = 1 ஸ்டோன்
2 ஸ்டோன் (28 பவுண்டு) = 1 குவார்ட்டர்
4 குவார்ட்டர் (112 பவுண்டு) = 1 ஹண்ட்ரட்வெயிட்
20 ஹண்ட்ரட்வெயிட் (2,240 பவுண்டு) = 1 டன்

ஹண்ட்ரட்வெயிட்டுக்குத் தமிழில் அந்தர் என்று ஒரு சொல் இருக்கிறது. எழுதவும் சொல்லவும் எளிது என்பதால் இனி அந்தர் என்றே குறிப்பிடுகிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிரெயின் இருக்கிறது. தானிய மணி ஒன்றின் எடையிலிருந்து பிறந்த அலகு இது, பெயரும் அதையே சொல்கிறது. ஒரு பவுண்டுக்குச் சரியாக 7,000 கிரெயின். அதை 16-ஆல் வகுத்தால் ஒரு அவுன்ஸுக்கு 437.5 கிரெயின். துப்பாக்கிக் குண்டு, வெடிமருந்து, வில்வித்தை அம்பு ஆகியவற்றின் எடையை இன்றும் கிரெயினில்தான் சொல்கிறார்கள்.

சுருக்கக் குறிகளில் பவுண்டுக்கு 'எல்பி' என்று போடுவார்கள். லத்தீனில் தராசையும் ஒரு எடையையும் குறித்த 'லிப்ரா' என்ற சொல்லின் மிச்சம் அது. ஹண்ட்ரட்வெயிட்டின் 'சிடபிள்யூடி'யில் உள்ள 'சி' ரோமானிய எண்ணில் நூறு. பெயரிலும் நூறு, குறியிலும் நூறு, ஆனால் உள்ளே இருப்பது 112. எட்டு ஸ்டோன் சேர்ந்தால் ஒரு அந்தர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இந்த 112 மறக்காது: 8 × 14.

அவுன்ஸில் 16 வருவதற்கு ஒரு அழகான வசதி உண்டு. இருதட்டுத் தராசில் ஒரு பவுண்டு சரக்கை இரண்டு தட்டிலும் சமமாகப் பிரித்தால் எட்டு அவுன்ஸ். அதைப் பிரித்தால் நான்கு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. எடைக்கல் எதுவும் இல்லாமல், பாதி பாதியாகப் பிரித்தே ஒரு அவுன்ஸ் வரை போய்விடலாம். 1, 2, 4, 8 அவுன்ஸ் எடைக்கற்கள் நான்கு மட்டும் இருந்தால் 1 முதல் 15 அவுன்ஸ் வரை எந்த முழு எடையையும் நிறுத்துவிடலாம். பத்தால் வகுக்கும் முறையில் இந்தச் சுகம் கிடைக்காது.

பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு

இது எளிய பாதி. கீழே இறங்கும்போது பெருக்க வேண்டும். 3 ஸ்டோனில் எத்தனை அவுன்ஸ்? 3 × 14 = 42 பவுண்டு. 42 × 16 = 672 அவுன்ஸ். அவ்வளவுதான்.

பல அலகுகள் கலந்து வரும் எடையில் ஒரு படிக்கு ஒரு படியாக இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் அங்கே காத்திருக்கும் எண்ணைக் கூட்டிக்கொண்டே போங்கள். உதாரணமாக 3 டன் 14 அந்தர் 2 குவார்ட்டர் 19 பவுண்டு என்பதைப் பவுண்டாக்குவோம்.

டன்னை அந்தராக்க 3 × 20 = 60. அங்கே ஏற்கெனவே இருக்கும் 14-ஐச் சேர்த்தால் 74 அந்தர்.
அந்தரைக் குவார்ட்டராக்க 74 × 4 = 296. அதோடு 2 சேர்த்தால் 298 குவார்ட்டர்.
குவார்ட்டரைப் பவுண்டாக்க 298 × 28 = 8,344. அதோடு 19 சேர்த்தால் 8,363 பவுண்டு.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பவுண்டாக்கிக் கடைசியில் கூட்டினாலும் (6,720 + 1,568 + 56 + 19) அதே 8,363 வரும். முதல் முறையில் 2,240, 112 போன்ற பெரிய எண்களைத் தொடவே வேண்டாம் என்பதால் காகிதத்தில் போட அதுதான் சுலபம். இரண்டாவது வழியை விடை சரியா என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய அலகிலிருந்து பெரிய அலகுக்கு

இங்கேதான் நிதானம் வேண்டும். மேலே ஏறும்போது வகுக்கிறோம், வகுத்தால் மீதி வருகிறது. அந்த மீதியை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

187 பவுண்டு எத்தனை ஸ்டோன்? கையால் வகுத்தால் 187-க்குள் 14 பதின்மூன்று முறை போகும் (182). மீதி 5. ஆகவே 13 ஸ்டோன் 5 பவுண்டு. மீதி எப்போதும் நீங்கள் கிளம்பிய அலகிலேயே இருக்கும். பவுண்டை வகுத்தால் மீதியும் பவுண்டு, அவுன்ஸை வகுத்தால் மீதியும் அவுன்ஸ்.

கால்குலேட்டரில் போட்டால் 13.357142 என்று காட்டும். இதைப் பார்த்து 13 ஸ்டோன் 3 பவுண்டு என்றோ, 13 ஸ்டோன் 36 பவுண்டு என்றோ எழுதிவிடாதீர்கள். திரையில் தெரிவதிலிருந்து முழு எண்ணான 13-ஐக் கழியுங்கள். 0.357142 மிஞ்சும். அதை 14-ஆல் பெருக்குங்கள். 4.99999 என்று வரும், அதாவது 5 பவுண்டு. கால்குலேட்டர் கடைசி இலக்கங்களை வெட்டியதால் வந்த சிறு இடைவெளி அது.

இதில் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. 13.357-ஐ 13.4 என்று முழுமையாக்கிவிட்டு 0.4 × 14 போட்டால் 5.6 வரும், நீங்கள் 6 பவுண்டு என்று எழுதிவிடுவீர்கள். ஒரு பவுண்டு எங்கிருந்தோ முளைத்துவிட்டது. நடுவழியில் எண்ணை முழுமையாக்காதீர்கள். கணக்கு முடிந்து கடைசி அலகுக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறை முழுமையாக்குங்கள்.

பல படி ஏறுவதற்கு ஒரு எடுத்துக்காட்டு, 5,000 பவுண்டு. 28-ஆல் வகுத்தால் 178 குவார்ட்டர், மீதி 16 பவுண்டு. 178-ஐ 4-ஆல் வகுத்தால் 44 அந்தர், மீதி 2 குவார்ட்டர். 44-ஐ 20-ஆல் வகுத்தால் 2 டன், மீதி 4 அந்தர். கடைசி ஈவிலிருந்து பின்னோக்கி மீதிகளைப் படியுங்கள்: 2 டன் 4 அந்தர் 2 குவார்ட்டர் 16 பவுண்டு.

மின்னணுத் தராசு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல தராசுகளில் அலகு மாற்றும் பொத்தானை அழுத்த அழுத்த கிராம், அவுன்ஸ், பவுண்டு-அவுன்ஸ் என்று மாறிக்கொண்டே போகும். திரையில் 2:6 என்று முக்காற்புள்ளியோ இடைவெளியோ விட்டுக் காட்டினால் அது 2 பவுண்டு 6 அவுன்ஸ். 2.6 என்று ஒற்றைப் புள்ளி வைத்து, பக்கத்தில் பவுண்டுக் குறி மட்டும் இருந்தால் அது 2 பவுண்டு 9.6 அவுன்ஸ். ஒரு சின்னப் புள்ளிக்காக மூன்றரை அவுன்ஸுக்கு மேல், கிட்டத்தட்ட நூறு கிராம் வித்தியாசம். எண்ணைக் குறித்துக்கொள்ளும் முன் புள்ளி எத்தனை என்று பாருங்கள்.

கூட்டலும் கழித்தலும்

கூட்டும்போது கடைசி அலகிலிருந்து தொடங்கி, 16 சேர்ந்தால் ஒரு பவுண்டு, 14 சேர்ந்தால் ஒரு ஸ்டோன் என்று மேலே அனுப்ப வேண்டும். கழிக்கும்போது கடன் வாங்க வேண்டும். வாங்கும் கடன் பத்து என்று கை தானாக எழுதிவிடும், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

12 ஸ்டோன் 3 பவுண்டு இருந்த ஒருவர் 10 ஸ்டோன் 9 பவுண்டுக்கு இறங்கிவிட்டார். எவ்வளவு குறைந்திருக்கிறார்? 3-இலிருந்து 9 போகாது. ஒரு ஸ்டோனைக் கடன் வாங்கினால் 11 ஸ்டோன் 17 பவுண்டு. 17 − 9 = 8. 11 − 10 = 1. விடை 1 ஸ்டோன் 8 பவுண்டு, மொத்தம் 22 பவுண்டு. 12.3-இலிருந்து 10.9-ஐக் கழித்து 1.4 என்று எழுதினால் அந்த விடைக்கு அர்த்தமே கிடையாது.

பெருக்க வேண்டியிருந்தால் இந்தக் கலப்பு வடிவத்தை விட்டுவிடுங்கள். ஒரு பொட்டலம் 2 பவுண்டு 11 அவுன்ஸ், ஆறு பொட்டலம் எவ்வளவு? ஒன்று 43 அவுன்ஸ். 43 × 6 = 258 அவுன்ஸ். 16-ஆல் வகுத்தால் 16 பவுண்டு, மீதி 2 அவுன்ஸ். சிறிய அலகுக்கு இறங்கி, கணக்கை முடித்து, திரும்ப ஏறுவது. வகுத்தலுக்கும் சராசரி எடுப்பதற்கும் இதே வழிதான்.

எந்த அவுன்ஸ்?

தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றை நிறுக்க டிராய் என்ற தனி முறை உண்டு. அதில் 24 கிரெயின் ஒரு பென்னிவெயிட், 20 பென்னிவெயிட் ஒரு டிராய் அவுன்ஸ் (480 கிரெயின்), 12 டிராய் அவுன்ஸ் ஒரு டிராய் பவுண்டு (5,760 கிரெயின்). அவுன்ஸ் என்ற சொல்லே பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறித்த 'உன்சியா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பழைய பன்னிரண்டை டிராய் முறை விடாமல் வைத்திருந்தது. பிரிட்டனில் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் டிராய் பவுண்டை நீக்கியது. டிராய் அவுன்ஸ் மட்டும் இன்றுவரை உலோகச் சந்தையில் நிற்கிறது.

இரண்டு முறைக்கும் பாலமாக இருப்பது கிரெயின். இரண்டிலும் அது ஒரே எடை. ஆகவே விதி எளிது: முறை மாறும்போது பவுண்டு வழியாகப் போகாமல் கிரெயின் வழியாகப் போங்கள்.

உலகத் தங்கச் சந்தையில் புழங்கும் பெரிய கட்டி ஏறத்தாழ 400 டிராய் அவுன்ஸ் இருக்கும். அதைச் சாதாரணப் பவுண்டில் சொல்ல வேண்டும். 400 × 480 = 1,92,000 கிரெயின். 7,000-ஆல் வகுத்தால் 27 பவுண்டு, மீதி 3,000 கிரெயின். அந்த 3,000-ஐ 437.5-ஆல் வகுத்தால் 6.86 அவுன்ஸ். ஆக, 27 பவுண்டும் கிட்டத்தட்ட 7 அவுன்ஸும். கிரெயின் வழியாகப் போகாமல் நேராக 400-ஐ 16-ஆல் வகுத்திருந்தால் 25 பவுண்டு என்று வந்திருக்கும். இரண்டரை பவுண்டுக்கு அருகில் தங்கம் கணக்கிலேயே காணாமல் போயிருக்கும்.

இதிலிருந்து பிறக்கும் ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் இரு முறைகளும் மனதில் தங்கிவிடும். ஒரு பவுண்டு இறகு, ஒரு டிராய் பவுண்டுத் தங்கத்தைவிடக் கனம் (7,000-க்கு எதிராக 5,760). ஆனால் ஒரு அவுன்ஸ் தங்கம், ஒரு அவுன்ஸ் இறகைவிடக் கனம் (480-க்கு எதிராக 437.5).

பழைய மருந்துக் குறிப்புகளைப் படிப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு முறை எதிர்ப்படும். அதில் 20 கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள், 3 ஸ்குரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். அவுன்ஸ் டிராய் அவுன்ஸேதான். டிராம்தான் ஆபத்து: மருந்து டிராம் 60 கிரெயின், சாதாரண டிராம் 27.34 கிரெயின். இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். மருந்துக் கணக்கில் இன்று இந்த அலகுகளை யாரும் கைக்கொள்ளக் கூடாது, மில்லிகிராம்தான் பாதுகாப்பு. ஆனால் தடம் இன்னும் அழியவில்லை. ஆஸ்பிரின் மாத்திரை 325 மில்லிகிராம் என்று ஒரு வினோதமான அளவில் வருவது, அது முன்பு 5 கிரெயின் மாத்திரையாக இருந்ததால்தான். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், ஐந்து கிரெயின் 324.

திரவ அவுன்ஸ் எடையே இல்லை, அது கொள்ளளவு. பெயர் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1824-இல் இம்பீரியல் காலனை 10 பவுண்டு தண்ணீரின் கொள்ளளவாக வரையறுத்தார்கள். காலனில் 160 திரவ அவுன்ஸ், 10 பவுண்டில் 160 அவுன்ஸ். ஆகவே தண்ணீருக்கு மட்டும் இரண்டும் ஒத்துப்போகும். எண்ணெய், தேன், மாவு என்று வந்தால் ஒத்துப்போகாது. அமெரிக்கத் திரவ அவுன்ஸ் இன்னும் வேறு அளவு.

எந்த டன்?

அமெரிக்காவில் அந்தர் உண்மையிலேயே நூறு பவுண்டு, டன் 2,000 பவுண்டு. இதைக் குறு டன் என்றும், பிரிட்டனின் 2,240 பவுண்டு டன்னை நெடு டன் என்றும் பிரித்துச் சொல்வார்கள். மூன்றாவது மெட்ரிக் டன், 1,000 கிலோ, சுமார் 2,204.6 பவுண்டு. மெட்ரிக் டன்னும் நெடு டன்னும் இரண்டு சதவீதத்துக்குள் நெருங்கி நிற்பதால் குழப்பம் கண்ணில் படாமலே போய்விடும். குறு டன் ஏறத்தாழப் பத்து சதவீதம் தள்ளி நிற்கிறது.

நெடு டன்னைக் குறு டன்னாக்க 1.12-ஆல் பெருக்குங்கள், திரும்பி வர 1.12-ஆல் வகுங்கள். இரு நாட்டு அந்தர்களுக்கும் இதே 1.12 பொருந்தும்.

1922-இல் கையெழுத்தான வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம் போர்க்கப்பல்களுக்கு 35,000 டன் என்று வரம்பு வைத்தது. எந்த டன் என்று பிறகு சண்டை வரக்கூடாது என்று, டன் என்றால் 2,240 பவுண்டு என ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். அந்த 35,000 நெடு டன் என்பது 39,200 குறு டன், அல்லது சுமார் 35,562 மெட்ரிக் டன். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் ஒரு கப்பலுக்குப் பல ஆயிரம் டன் வாக்குவாதம் நடந்திருக்கும். நீங்களும் டன் என்று எழுதும் இடத்தில் எந்த டன் என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள்.

கிலோவுக்குப் போகும்போது

1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து ஒரு பவுண்டு என்பது மிகச் சரியாக 0.45359237 கிலோ என்று முடிவு செய்தன. இது அளந்து கண்ட எண் இல்லை, வரையறை. அதனால் இதில் பிழைக்கு இடமே இல்லை. இம்பீரியல் படிக்கட்டில் எங்கே இருந்தாலும் பவுண்டுக்கு வந்து, இந்த ஒரே எண்ணால் பெருக்கினால் கிலோ. முன்னே பார்த்த 8,363 பவுண்டு இப்படி 3,793.4 கிலோ ஆகிறது. ஒரு அவுன்ஸ் 28.35 கிராம், டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், ஸ்டோன் 6.35 கிலோ என்பவை தினசரிக்குப் போதும்.

மனக்கணக்குக்கு: கிலோவை இரட்டித்து, வந்த விடையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 70 கிலோ இரட்டித்தால் 140, அதோடு 14 கூட்டினால் 154 பவுண்டு. உண்மை விடை 154.3.

விடை சரியா என்று பார்ப்பது

முதல் சோதனை, திசை. சிறிய அலகுக்குப் போனால் எண் பெரிதாக வேண்டும், பெரிய அலகுக்குப் போனால் சிறிதாக வேண்டும். இரண்டாவது, விடையிலிருந்து வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்ப்பது. மூன்றாவது சோதனைதான் எனக்கு மிக முக்கியம்: வந்த எண், கண்முன் இருக்கும் பொருளுக்குப் பொருந்துகிறதா?

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குக் கிளம்பியது. எரிபொருள் அளவுமானிகள் வேலை செய்யவில்லை என்பதால் தொட்டியில் குச்சிவிட்டு அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க அவர்கள் எடுத்த எண் 1.77. அந்த எண் ஒரு லிட்டர் எரிபொருள் எத்தனை பவுண்டு என்பதைச் சொல்லும் எண். கிலோவுக்கு வேண்டியது 0.8. கணக்குப்படி 4,916 லிட்டரை மேலும் நிரப்பினார்கள். மொத்தம் 12,598 லிட்டர். 1.77-ஆல் பெருக்கினால் 22,300-க்கு இரண்டே இரண்டு குறைவு, கச்சிதமாகத்தான் தெரிந்தது. ஆனால் அத்தனையும் பவுண்டு. கிலோவில் அது ஏறத்தாழ 10,100 மட்டுமே. பாதி வழியில், 41,000 அடி உயரத்தில், எரிபொருள் தீர்ந்துபோனது. விமானிகள் இயந்திரம் இல்லாமலே மிதக்கவிட்டு, கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். ஒருவரும் உயிரிழக்கவில்லை.

அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாலும் பெருக்கலில் பிழை கிடைத்திருக்காது, ஏனென்றால் பெருக்கல் சரி. ஆனால் 1.77 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதியிருந்தால், ஒரு லிட்டர் எரிபொருள் 1.77 கிலோ என்று அது வாய்விட்டுச் சொல்லியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோதான். விமான எரிபொருளோ தண்ணீரில் மிதக்கும்.